ஆம்பியன்ட் என்றால் தூக்க இசையா? பழைய பரிசோதனைப் பதிவுகளுக்கு ஓர் அறிமுகம்

போனில் ‘ஆம்பியன்ட்’ என்று தேடினால் எட்டு மணி நேர மழைச்சத்தம் வரும். அடுத்து புல்லாங்குழல் கலந்த தியான இசை, அதற்கடுத்து குழந்தையைத் தூங்கவைக்கும் மின்விசிறிச் சத்தம். கோவை ஆர்.எஸ்.புரத்துக் காபிக் கடைகளில் மெல்ல ஓடுவதையும் அதே பெயரில்தான் சொல்கிறார்கள். ‘எக்ஸ்பெரிமென்டல்’ பாடு இன்னும் மோசம். சினிமாப் பாட்டில் வழக்கமில்லாத கருவி ஒன்று இரண்டு நொடி வந்துவிட்டால் போதும், அந்தப் பட்டம் கிடைத்துவிடும். இதற்கு நடுவில், ‘பல ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த ஆம்பியன்ட் பதிவு கண்டெடுக்கப்பட்டது’ என்று செய்தி வருகிறது. எது காணாமல் போனது? யார் எங்கே எடுத்தார்கள்? ஆசையாகக் கேட்க உட்கார்ந்தால் ஏன் ‘பாட்டே வரலைங்களே’ என்று தோன்றுகிறது?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இசை படித்திருக்கத் தேவையில்லை. டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டுக் கேட்ட ஞாபகம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

## தறிக்குடோன் பக்கத்து வீடு

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் குடோனை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவர்களிடம், அந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். ராத்திரி கரண்ட் போய் தறி நின்றால்தான் அவர்களுக்கு முழிப்பு வரும். தறிச்சத்தம் மெல்லியது கிடையாது. பக்கத்தில் நின்று பேசினால் காது கேட்காது. ஆனாலும் அது கவனத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது.

அதே சத்தத்தை ஒரு நாள் வேண்டுமென்றே கவனித்துக் கேட்டால் வேறொன்று தெரியும். பக்கத்துப் பக்கத்துத் தறிகள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. இரண்டு தறி சேர்ந்து அடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக விலகும், ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று விழும், அப்புறம் திரும்பச் சேரும். யாரும் இயற்றாத தாளக்கட்டு ஒன்று தானாக வந்து தானாகப் போகும்.

இந்த இரண்டு குணமும்தான் நமக்கு வேண்டியது. கவனிக்காமல் விட்டால் சுற்றுப்புறத்தோடு கலந்துவிட வேண்டும். கவனித்தால் கேட்பதற்கு அதில் ஏதாவது இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடம் கொடுத்து, ஒருவர் ஒலிகளைத் தேர்ந்தெடுத்து அமைத்த இசைக்கு ஆம்பியன்ட் என்று பெயர். 1978இல் விமான நிலையங்களுக்கான இசை என்ற தொகுப்பை வெளியிட்ட ஆங்கிலேயர் பிரையன் ஈனோ, அதன் உறைக்குறிப்பில் ஏறக்குறைய இப்படித்தான் இதை வரையறுத்தார். மெதுவாக இருக்க வேண்டும், தூங்கவைக்க வேண்டும் என்பதெல்லாம் பின்னால் சந்தை சேர்த்துக்கொண்டவை.

யோசனை அவருக்கும் முந்தையது. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டி, மேசை நாற்காலி போல அறையில் சும்மா இருக்கும் இசை என்று ஒன்றை எழுதி, 1920இல் பாரிஸில் ஒரு நிகழ்ச்சியின் இடைவேளையில் வாசிக்கவைத்தார். வாசிக்க ஆரம்பித்ததும் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பேசுங்கள், நடங்கள், கவனிக்காதீர்கள் என்று சாட்டியே அவர்களைக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

பரிசோதனை இசை என்பது இதற்குப் பக்கத்து வீடு. முடிவு எப்படி வரும் என்று செய்பவருக்கே முன்கூட்டித் தெரியாதபடி அமைத்த இசைக்கு அந்தப் பெயர். அமெரிக்கரான ஜான் கேஜ் சொன்ன அர்த்தம் இது. 1952இல் அவர் அமைத்த ஒரு படைப்பில் பியானோக்காரர் நாலரை நிமிடம் எதுவும் வாசிக்காமல் உட்கார்ந்திருப்பார். அரங்கில் அந்த நேரத்தில் என்ன சத்தம் வருகிறதோ அதுதான் இசை. விளையாட்டாகத் தோன்றும், ஆனால் வரையறைக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆக, ஆம்பியன்ட் என்பது கேட்கும் விதத்தைப் பற்றியது. பரிசோதனை என்பது செய்யும் விதத்தைப் பற்றியது. ஒரே பதிவு இரண்டாகவும் இருக்கலாம். தறிச்சத்தம் இரண்டுமே இல்லை, ஏனென்றால் அதை யாரும் கேட்பதற்காக அமைக்கவில்லை.

## நேரத்தை பிளேடால் வெட்டுவது

இந்த யோசனைகள் பதிவுகளாக மாறியதற்கு ஒரு பொருள் காரணம்: ஒலிநாடா. மெல்லிய பிளாஸ்டிக் பட்டை, அதன் மேல் பசையால் பிடித்துவைத்த இரும்பு ஆக்சைடுத் தூள், அவ்வளவுதான். ரெக்கார்டரின் ‘ஹெட்’ அந்தத் தூளைக் காந்தமாக்கி ஒலியை எழுதுகிறது. திரும்ப ஓட்டும்போது அதே காந்தத்தைப் படிக்கிறது. ஜெர்மனியில் 1930களில் உருவாகி, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மற்ற நாடுகளுக்குப் பரவியது.

நாடாவில் ஒரு நொடி என்பது ஒரு நீளம். பெரிய ஸ்பூல் ரெக்கார்டரில் நொடிக்கு 19 அல்லது 38 சென்டிமீட்டர் ஓடும். கேசட்டில் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. அதாவது நேரத்தை ஸ்கேல் வைத்து அளக்கலாம், பிளேடு வைத்து வெட்டலாம், பிளாஸ்திரி வைத்து ஒட்டலாம். தலைகீழாக ஓட்டலாம். பாதி வேகத்தில் ஓட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். அதுவரை இசையமைப்பாளர் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, வேறொருவர் வாசிக்கக் காத்திருந்தார். இப்போது ஒலியையே கையில் பிடித்து வேலை செய்யலாம்.

நாடா கைக்கு வருவதற்கு முன்னாலேயே சிலருக்குப் பொறுக்கவில்லை. கெய்ரோவில் ஹலீம் எல்-தாப் 1944இல், நாடாவுக்குப் பதில் உருக்குக் கம்பியில் பதியும் ஒரு கருவியை இரவல் வாங்கி, பேய் ஓட்டும் ‘ஸார்’ சடங்கில் பெண்கள் பாடுவதைப் பதிந்தார். பிறகு அதை எதிரொலி அறைகள் வழியே திரும்பத் திரும்பப் பதிந்து, குரல் கரைந்துபோய் ஒரு மூட்டம் மட்டும் மிஞ்சும்படி செய்தார். நான்கு வருஷம் கழித்து, 1948இல், பாரிஸ் வானொலிப் பொறியாளர் பியர் ஷேஃபர் ரயில் சத்தங்களை இசைத்தட்டில் பதிந்து கோத்து ஒலிபரப்பினார். பாடப்புத்தகங்கள் ரொம்ப நாள் ஷேஃபரிடமிருந்துதான் கதையைத் தொடங்கின. கெய்ரோக்காரர் பெரும்பாலும் விடுபட்டுப் போனார். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த ஊர்ப் பதிவுக்கு வானொலி நிலையமும் ஆவணக் காப்பகமும் இருந்ததோ, அந்த ஊர்தான் சரித்திரத்தில் முதலில் வந்தது.

## நீளம் மாறிய வளையங்கள்

நாடாவின் இரண்டு முனையையும் ஒட்டிவிட்டால் அது வளையம். ஆங்கிலத்தில் லூப் என்பார்கள். நம் பசங்களும் அதையே சொல்வதால் நானும் லூப் என்றே எழுதுகிறேன். அதில் உள்ள ஒலி முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு லூப் மட்டும் என்றால் சீக்கிரம் அலுத்துவிடும். 1965இல் ஸ்டீவ் ரைஷ் என்ற அமெரிக்கர் ஒரே பேச்சுத் துண்டை இரண்டு லூப்பாக்கி இரண்டு கருவியில் ஓட்டினார். கருவிகளின் வேகம் துளி வித்தியாசப்பட்டதால் பேச்சு மெல்ல மெல்ல விலகி, வார்த்தை போய்த் தாளமானது. தறிக்குடோனில் நடப்பது அப்படியே இதுதான்.

ஈனோ இதை இன்னும் நீட்டினார். ஒவ்வொரு லூப்பிலும் ஒரே ஒரு ஸ்வரம், மனிதக் குரலில். லூப்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளம். ஒன்று சுமார் 23½ நொடிக்கு ஒருமுறை வரும், இன்னொன்று 25⅞, மற்றொன்று 29 15/16 என்று பின்னாளில் ஓர் உரையில் அவரே கணக்குச் சொன்னார். 23½ நொடி என்றால், நொடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில், கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர் நாடா! கருவிக்குள் அடங்காது. ஸ்டுடியோவில் இருந்த அலுமினிய நாற்காலிகளின் கால்களைச் சுற்றி அதை ஓடவிட்டார்களாம்.

எதற்கு இப்படி ஒட்டாத எண்கள்? எளிய எண்களில் போட்டுப் பார்க்கலாம். 20 நொடி லூப்பும் 21 நொடி லூப்பும் ஒன்றாகக் கிளம்பினால், மறுபடி ஒன்றாகச் சேர 420 நொடி ஆகும், அதாவது ஏழு நிமிடம். கூட 22 நொடி லூப் ஒன்றையும் சேர்த்தால் 77 நிமிடம். பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்கு இதுதான். ஈனோ சொன்ன மூன்று எண்களையும் அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால், மூன்றும் தொடங்கிய அதே நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 27 நாள் ஆகிறது. இசைத்தட்டில் வந்தது அதிலிருந்து எடுத்த ஒரு துண்டு, ஒன்பது நிமிடத்துக்கும் குறைவு.

‘பாட்டே வரலைங்களே’ என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகிற பாதை இதில் கிடையாது. சில பொருள்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் சுற்றை நிர்ணயித்து, ஓடவிட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். எங்கே போகிறது என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். இப்போது எது எதோடு சேர்ந்து விழுகிறது என்று கேட்டால் பொழுது போவது தெரியாது.

இதோடு இன்னொரு வழி, டிரோன்: மாறாமல் நீளும் ஒரே சுருதி. இதற்கு நமக்கு விளக்கமே தேவையில்லை. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து, கச்சேரியில் தம்பூரா எல்லாம் இதைத்தான் செய்கின்றன. அதை முன்னால் கொண்டுவந்து, மேலே பாடுவதை எடுத்துவிட்டால் டிரோன் இசை. டெர்ரி ரைலி, லா மான்ட் யங் என்ற அமெரிக்கர்கள் இருவரும் 1970லிருந்து இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான்நாத்திடம் சீடர்களாக இருந்தார்கள் என்பது மறைமுகமான செய்தி இல்லை. அவர்களே பெருமையாகச் சொன்னது.

இதுவரை மூன்று விஷயம்: நாடாவால் ஒலியைப் பொருளாகக் கையாள முடிந்தது, நீளம் மாறிய லூப்கள் தாமாக மாறிக்கொண்டே இருந்தன, நீண்ட சுருதி பின்னணியிலிருந்து முன்னால் வந்தது.

## அகமதாபாத் அலமாரி

இது வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைத்தால், அகமதாபாத்தைப் பார்க்க வேண்டும். கீதா சாராபாய் என்ற இசைக்கலைஞர் 1940களில் நியூயார்க் போனபோது ஜான் கேஜுக்கு இந்திய இசை பற்றிக் கற்றுக்கொடுத்தார். பதிலுக்கு மேலை இசை கற்றார். மனத்தை அடக்கி அமைதியாக்குவதே இசையின் வேலை என்று அவருடைய குரு சொன்னதைக் கேஜ் பிடித்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார்.

கீதாவின் உடன்பிறந்தவர்கள் கௌதமும் கீராவும் சேர்ந்து உருவாக்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், 1969இல் ஒரு மின்னிசை ஸ்டுடியோ அமைந்தது. கேஜின் கூட்டாளியான பியானோக்காரர் டேவிட் டியூடர் வந்து, மூக் கம்பெனியின் சின்தசைசரை நிறுவிக் கொடுத்தார். சின்தசைசர் என்பது மின்சுற்றுகளாலேயே ஒலியை உண்டாக்கும் கருவி. அப்போது அது ஒரு பீரோ அளவு, எங்கும் பின்னிய ஒயர்கள். கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். சில வருஷத்தில் ஸ்டுடியோ ஓய்ந்தது. நாடாக்கள் அந்த நிறுவனத்தின் காப்பகத்திலேயே இருந்தன. பிரிட்டிஷ் கலைஞர் பால் பர்காஸ் அங்கே தேடிப்போய் அவற்றைக் கேட்டு, சரிசெய்து, 2023இல் ஒரு தொகுப்பாக வெளிவரச் செய்தார்.

கவனியுங்கள், அந்த நாடாக்கள் ஒருநாளும் காணாமல் போகவில்லை. ஒரே கட்டடத்தில், அலமாரியில் இருந்தன.

## ‘காணாமல் போன’ பதிவு

இந்தத் துறையில் மறுகண்டுபிடிப்பு என்று சொல்லப்படும் கதைகளில் பலவும் இப்படித்தான். புதையல் கிடையாது. பதிவு எங்கேயோ இருக்கும்; அதை அடைவதற்கான ஏதோ ஒன்று அறுந்துபோயிருக்கும்.

சில சமயம் அறுந்தது கேட்பவர்தான். ஜப்பானில் ஹிரோஷி யோஷிமுரா 1982இல் வெளியிட்ட இசை, டோக்கியோவில் ஓர் அருங்காட்சியகத்தில் ஓடியது. 1986இல் வீடு கட்டும் கம்பெனி ஒன்றுக்காகவே, அதன் வீடுகளில் ஓடவென்று ஒரு தொகுப்பு செய்தார். வெளியுலகில் பெரிதாக யாருக்கும் தெரியாது. மிடோரி தகாடாவின் 1983ஆம் ஆண்டுத் தொகுப்பும் அப்படியே. பிறகு யூடியூப் தானாகப் பரிந்துரைக்க ஆரம்பித்து, லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். 2017இல் யோஷிமுராவின் 1982ஆம் ஆண்டு இசையும் தகாடாவின் தொகுப்பும் மறுபதிப்பாயின. யோஷிமுரா 2003லேயே இறந்துவிட்டார். இதில் கண்டுபிடித்தது மனிதனா, கணினிக் கணக்கா என்று கேட்டால், எனக்கு இரண்டாவது என்றுதான் படுகிறது.

சில சமயம் அறுந்தது பெயர். பிபிசியின் ஒலிப் பட்டறையில் வேலை செய்த டெலியா டார்பிஷர், 1963இல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பிசையை ஒவ்வொரு ஸ்வரமாக நாடாவில் வெட்டி ஒட்டி உருவாக்கினார். மெட்டு போட்டவர் பெயர் வந்தது, இவர் பெயர் வரவில்லை. 2001இல் அவர் இறந்த பிறகு, வீட்டு அட்டாலியிலிருந்து 267 நாடாக்கள் கிடைத்தன. அவை இப்போது மான்செஸ்டரில் பாதுகாப்பில் இருக்கின்றன.

அப்புறம் உரிமை. இந்தியச் சட்டப்படி வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுக்கு, வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. 1982இல் வந்த இசைத்தட்டு என்றால் 2042 முடியும்வரை. கம்பெனியே மூடிப்போயிருந்தால் யாரிடம் அனுமதி கேட்பது என்பதிலேயே பல மறுபதிப்புகள் நின்றுவிடும்.

## எந்த வேகம்? எந்தத் திசை?

பலரும் பேசாத சிக்கல் இதுதான். பழைய சினிமாப் பாட்டு நாடாவைத் தப்பான வேகத்தில் ஓட்டினால் குழந்தைகூடச் சிரிக்கும், டி.எம்.எஸ். குரல் எப்படி இருக்கும் என்று நம் காதுக்குத் தெரியும். லூப்பும் டிரோனும் மட்டுமே உள்ள நாடாவில் அந்தப் பிடிமானம் கிடையாது. பாதி வேகத்தில் ஓடினாலும் அழகாகத்தான் இருக்கும். பின்னாலிருந்து முன்னால் ஓடினாலும் ‘ஆஹா, என்ன பரிசோதனை’ என்று தலையாட்டுவோம். ஆகவே, பெட்டி மேல் பென்சிலில் எழுதிய ‘7½’ என்ற ஓர் எண், அதாவது நொடிக்கு ஏழரை அங்குலம், உள்ளே இருக்கும் இசை அளவுக்கே முக்கியமாகிறது. எழுத்து இல்லாவிட்டால் நிபுணர்கள் வேறு தடயம் தேடுவார்கள்: நடுவில் யாராவது இருமியிருக்கிறாரா, மைக்கைத் தட்டியிருக்கிறாரா, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எங்காவது பதிந்திருக்கிறதா. அந்த ரீங்காரம் 25 ஹெர்ட்ஸில் கேட்டால், நாடா பாதி வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தம்.

இரைச்சல் நீக்குவதிலும் இதே கதை. இரைச்சல் என்பது மாறாமல் சீராக இருக்கும் ஒலி என்று வைத்துக்கொண்டுதான் அந்த மென்பொருள்கள் வேலை செய்கின்றன. டிரோனும் மாறாமல் சீராக இருக்கும் ஒலிதானே? கொஞ்சம் அதிகமாகத் திருகினால் ‘உஸ்’ சத்தத்தோடு இசையும் போய்விடும். மறுபதிப்புகளில் ரொம்பச் சுத்தமாக, கண்ணாடி மாதிரி ஒலிப்பவற்றை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

நாடாவும் கெடும். 1970, 80களில் வந்த பல நாடாக்களில் தூளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி உரிந்து வந்துவிடும். ஆய்வகங்களில் சுமார் 50 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் மெல்லச் சூடேற்றி, தற்காலிகமாகச் சரிசெய்து, உடனே பிரதி எடுப்பார்கள். வீட்டு அவனில் செய்கிற வேலை இல்லை இது.

## நம் வீட்டு அட்டாலியில் இருந்தால்

கொங்கு நாட்டில் ஒலிநாடா புதிதில்லை. மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1960களின் நடுவில் காங்கயம் பக்கம் தங்கி, அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டுக்காரர்கள் பாடப் பாட நாடாவில் பதிந்தார். அது ஆம்பியன்ட் கிடையாது. ஆனால் அப்படி ஓடவிட்ட எந்தப் பதிவிலும் கதையோடு சேர்ந்து கூட்டம், நாய், காற்று எல்லாம் விழும். பிற்பாடு கேசட் வந்து நோம்பி, கல்யாணம், மாரியம்மன் கோயில் கம்பம் என்று ஊரே பதிந்து தள்ளியது. அவற்றில் நிகழ்ச்சி தொடங்குமுன் யாரோ பட்டனை அமுக்கிவிட்டு மறந்துபோன இருபது நிமிடங்கள்தான், மேலே சொன்ன காதோடு கேட்டால், பல நேரம் சுவாரசியமான பகுதி.

கிடைத்தால் முதலில் ஓட்டிப் பார்க்காதீர்கள். பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருக்கிறதா, நாடா ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தெரிந்தவரிடம் கொடுங்கள். பொள்ளாச்சி, வால்பாறை மாதிரி ஈரமான இடங்களில் இது சகஜம். நன்றாக இருந்தால் கருவியின் ஹெட்டைச் சுத்தம் செய்துவிட்டு, ஒரே ஓட்டத்தில் கணினியில் பதியுங்கள். எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பு. அதில் இரைச்சலை நீக்காதீர்கள், வெட்டாதீர்கள். அழகுபடுத்துவதை அதன் பிரதி ஒன்றில் செய்துகொள்ளலாம். உறையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து அதே போல்டரில் வையுங்கள். பதிந்தவர் உயிரோடு இருந்தால், எந்தக் கருவி, எந்த ஊர், யார் பாடினார்கள் என்று அவர் சொல்வதையும் போனில் பதிந்து சேர்த்துவிடுங்கள்.